பென்சில் படக்கூடாது

மயிலாடுதுறை
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள பென்சில்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. சோம்பல் இல்லை. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். குனியாதே, தலைக்குக் குளிக்காதே, கண்ணைக் கசக்காதே என்று ஆயிரத்தெட்டுக் கட்டுப்பாடு. எழுத உட்கார்ந்தால் இவள் பேனாவைப் பிடுங்கி வைத்துவிடுவாள். இன்றுதான் விட்டிருக்கிறாள்.

கட்டுப் பிரித்த அன்று ஒரு வேடிக்கை நடந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த மறுநாள் மாதிரி வெள்ளை. வலதை மூடிக்கொண்டு பார்த்தால் அதே சுவர் டீக்கறை பட்ட வேட்டி மாதிரி இருக்கிறது. நாம் எடுத்த கலர் படமெல்லாம் பழுத்துப் போச்சு என்று ஊர் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தேனே, பாதிப் பழுப்பு என் கண்ணில்தான் இருந்திருக்கிறது. "ஏன்டா எல்லார் முகத்தையும் மஞ்சள் பூசின மாதிரி வைக்கிறே" என்று பையனோடு சண்டை பிடித்ததற்கெல்லாம் இப்போது பதிலுக்குச் சிரிக்கிறான். அடுத்த கண் தை மாதம்.

சரி, உன் பேத்தி சமாசாரத்துக்கு வருகிறேன். ஆவணியில் நிச்சயதார்த்தம் என்று எழுதியிருக்கிறாய், மனசு நிறைந்தது. போட்டோக்காரன் ஒன்றேகால் லட்சம் கேட்கிறான், அதில் கல்யாணத்துக்கு முன்னாலேயே பிள்ளையையும் பெண்ணையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய் எடுக்கிற ஷூட்டும் சேர்த்தி, இதெல்லாம் என்ன கூத்து, நாம் எடுத்ததெல்லாம் போட்டோ இல்லையா என்று கேட்டிருக்கிறாய். கோபத்தில் எழுதியது தெரிகிறது. எழுத்து வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிறது. நானும் போன மாசம் வரைக்கும் உன் கட்சிதான்.

போன மாசம் பையனோடு அப்படி ஒரு ஷூட்டுக்குப் போய்வந்தேன். லைட் பிடிக்கிற பையனுக்குக் காய்ச்சல். "அப்பா, ரிஃப்ளெக்டர் மட்டும் பிடிங்க போதும்" என்றான். ஐம்பது வருஷ சர்வீஸுக்கு அப்புறம் மறுபடி லைட் பாய். தரங்கம்பாடி. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினோம். டேனிஷ்காரன் கோட்டை இருக்கிறதே, ரகுநாத நாயக்கர் காலத்தில் 1620ல் கட்டியது, அதற்கு முன்னால் இருக்கிற மணலில்தான் வேலை. மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வந்ததை நீயும் நானும் ஒரு தடவை நின்று பார்த்தோம், ஞாபகம் இருக்கிறதா? அதே இடத்துக்குப் பக்கம்.

பெண் நர்ஸ். பையன் சென்னையில் ஏதோ கம்பெனி. பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம். அதுவரைக்கும் இரண்டே தடவைதான் நேரில் பார்த்திருக்கிறார்கள், இரண்டு தடவையும் சுற்றி முப்பது பேர். இப்போது கடற்கரையில் நிறுத்தி, "ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு ஓடி வாங்க, சிரிச்சுக்கிட்டே வாங்க, கேமராவைப் பார்க்காதீங்க" என்கிறான் என் பையன். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் எண்ணினேன். ஏழு மணிக்குள் நாற்பத்தோரு தடவை. கேமராவைப் பார்க்காதீங்க. அவளைப் பாருங்க. கடலைப் பாருங்க. கீழே பாருங்க. நாம் ஒரு ஆயுசு முழுக்கச் சொன்னதற்கு நேர் எதிர்! "இங்க பாருங்க, லென்ஸைப் பாருங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க" என்று சொல்லிச் சொல்லித்தானே நம் ஸ்டுடியோ முதலாளிக்குத் தொண்டை கட்டியது.

வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று அவனுக்கு அவசரம். கிழக்குக் கரையில் சூரியன் தண்ணீரிலிருந்து எழும்பி முகத்துக்கு இதமாக அடிக்கிற நேரம் மிஞ்சிப்போனால் அரை மணி. அதற்கப்புறம் மூக்கு நிழல் உதட்டில் விழ ஆரம்பித்துவிடும். அந்த அரை மணியில் 85 எம்எம் லென்ஸை வைத்து முந்நூறு படம் எடுத்திருப்பான். பின்னால் இருக்கிற கோட்டை வெண்ணெய் மாதிரிக் கரைந்து போகிறது. அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். கோட்டைக்கு முன்னால் எடுத்துவிட்டுக் கோட்டையே தெரியாமல் செய்வதற்கு வீட்டு மொட்டை மாடி போதாதா என்று கேட்டேன். முறைத்தான்.

திரும்பி வரும்போது காரில் விவாதம். "நீங்க எடுத்த ஜோடிப் படத்துல எல்லாரும் ரேஷன் கார்டுக்கு நிக்கிற மாதிரி இருக்காங்கப்பா" என்றான். சுருக்கென்றது. அப்புறம் போனில் ஒரு படம் காட்டினான். ஜான் லெனன் பாட்டுக்காரர், அவர் மனைவி யோகோ ஓனோ. அன்னி லீபோவிட்ஸ் என்ற அம்மா எடுத்தது. 1980 டிசம்பர் 8, நியூயார்க்கில் அவர்கள் வீட்டிலேயே. பத்திரிகைக்காரர்கள் லெனனை மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். மனைவியும் இருந்தால்தான் ஆச்சு என்று அவர் அடம்பிடித்திருக்கிறார். மனைவி முழு உடுப்பில் மல்லாந்து கிடக்கிறாள். அவர் பொட்டுத் துணியில்லாமல், பிறந்த குழந்தை மாதிரிச் சுருண்டு, கண்ணை மூடி அவள் கன்னத்தில் முத்தம் கொடுக்கிறார். அன்று ராத்திரியே வீட்டு வாசலில் அவரைச் சுட்டுவிட்டார்கள். 1981 ஜனவரியில் அந்தப் படத்தை ரோலிங் ஸ்டோன் அட்டையில் போட்டபோது பத்திரிகைப் பெயரைத் தவிர ஒரு எழுத்துகூட வைக்கவில்லை.

நான் ரொம்ப நேரம் அதைப் பார்த்தேன். இரண்டு பேரில் ஒருத்தரும் லென்ஸைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அது கெட்டுப் போயிருக்கும். அவனுக்கு அந்த இடத்தை விட்டுக் கொடுத்தேன். ஆனால் அந்த இரண்டு பேரும் பத்து வருஷத்துக்கு மேல் புருஷன் பெண்டாட்டியாக வாழ்ந்து, சண்டை போட்டு, பிரிந்து, மறுபடி சேர்ந்தவர்கள். இரண்டு தடவை பார்த்த நர்ஸுப் பெண்ணிடம் அதைக் கேட்டால் அவள் நடிக்கத்தானே வேண்டும்?

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற அப்பா அம்மா படம் உனக்குத் தெரியும். கல்யாணமாகி மூணாம் மாசம் கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. அப்பா நாற்காலியில், அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு. பின்னால் மாடிப்படியும் ஏரியும் வரைந்த சீனரித் திரை. அம்மாவுக்கு அப்போது பதினேழு வயசு. சில்க் புடவைக் கொசுவம் தெரிகிற மாதிரி யாரோ சரி செய்திருக்கிறார்கள், இடது கை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலி முதுகைப் பிடித்திருக்கிறது. விரல் நுனி வெளுத்திருக்கும், அவ்வளவு அழுத்தம். இந்தப் புதுக் கண்ணோடு அதைப் போய்ப் பார்த்தபோது ஒன்று கவனித்தேன். அப்பா லென்ஸைப் பார்க்கவில்லை! போட்டோக்காரர் கையைத் தூக்கி "இங்க பாருங்க" என்றிருப்பார் போல, அப்பா அந்தக் கையைப் பார்க்கிறார். அதனால் கூடத்தில் எங்கே நின்றாலும் அப்பா எனக்குப் பக்கத்தில் இருக்கிற யாரையோ பார்ப்பார். அம்மா லென்ஸைப் பார்த்திருக்கிறாள். நான் ஊஞ்சலில் உட்கார்ந்தாலும் பார்க்கிறாள், சமையற்கட்டு வாசலில் நின்றாலும் பார்க்கிறாள். அறுபத்தொன்பது வயசுக் கிழவனைப் பதினேழு வயசுப் பெண் பார்க்கிறாள். நான் பிறப்பேன் என்றுகூடத் தெரியாத பெண். ஓடுகிற படத்தில், கடலைப் பார்க்கிற படத்தில் இது கிடைக்காது. பையனிடம் இதைச் சொன்னேன். "ம்" என்றான். அவன் "ம்" என்றால் யோசிக்கிறான் என்று அர்த்தம்.

நடுவில் ஒரு செய்தி. முதலாளி சர்ச்சில் கதை சொல்வாரே, அந்தப் படம் திருட்டுப் போய்க் கிடைத்திருக்கிறது, படித்தாயா? யூசுஃப் கார்ஷ் எடுத்தது, 1941 டிசம்பர் 30, கனடாவில் ஒட்டாவா. பார்லிமெண்டில் பேசிவிட்டு வந்த மனுஷன் வாயில் சுருட்டு. இந்த முப்பத்து மூணு வயசுக்காரர் நேரே போய் அதைப் பிடுங்கிவிட்டு வந்து ஷட்டரை அமுக்கிவிட்டார். அந்தக் கோபமான முகம்தான் பிற்பாடு இங்கிலாந்தின் ஐந்து பவுண்டு நோட்டிலேயே வந்தது. கார்ஷ் கையெழுத்துப் போட்ட பிரிண்ட் ஒன்று ஒட்டாவாவில் ஒரு ஓட்டலில் தொங்கியிருக்கிறது. 2021 கடைசியிலோ 2022 ஆரம்பத்திலோ யாரோ அதைக் கழற்றிக்கொண்டு ஒரு போலியை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஆகஸ்டு வரை ஒருத்தருக்கும் தெரியவில்லை. மற்றப் படங்களின் சட்டத்தோடு இது ஒத்துப் போகவில்லையே என்று ஊழியர் ஒருத்தர் பார்த்துத்தான் குட்டு உடைந்தது. 2024ல் இத்தாலியில் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள். எட்டு மாசம் போவோர் வருவோர் எல்லாம் போலியைப் பார்த்து வியந்திருக்கிறார்கள். முதலாளி இருந்திருந்தால் ஒரு வாரம் இதையே பேசியிருப்பார்.

அந்தக் கதையைக் கேட்டுவிட்டு அவரே ஒரு தடவை செய்து பார்த்தாரே, மறந்திருக்க மாட்டாய். மிராசுதார் ஒருத்தர் மணிவிழாவுக்குப் படம் எடுத்துக்கொள்ள வந்தார். முகத்தில் ஒரு களையும் வரவில்லை. இவர் போய் மடியில் இருந்த வெற்றிலைப் பெட்டியை வெடுக்கென்று பிடுங்கினார். அவ்வளவுதான், மிராசுதார் எழுந்து அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பெட்டி நம்மிடம், அட்வான்ஸும் கிடையாது. நீதான் சைக்கிளில் போய்ப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வசவும் வாங்கிக்கொண்டு வந்தாய்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள். 1979. நீ பென்சில் ஆன வருஷம். வரன் பார்க்கப் படம் வேண்டும் என்று அப்பாவோடு வந்தாள். ஃபுல் சைஸ், பிளாஸ்டிக் ரோஜா வைத்த ஸ்டாண்டில் ஒரு கை. இடது கன்னத்தில் அம்மைத் தழும்பு, ஏழெட்டு இருக்கும். அப்பா உன்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, அது தெரியக்கூடாது" என்றார். நெகட்டிவில் பென்சில் பிடிக்க மீடியம் தடவி, டெஸ்கில் கண்ணாடிக்குக் கீழே வெளிச்சம் வைத்து, ஊசி மாதிரி சீவின பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்தாய். தழும்பின் குழி நெகட்டிவில் வெளிறிக் கிடக்கும், அதைக் கரியால் நிரப்பினால் பிரிண்டில் சமமாகிவிடும். முழுசாக ஒரு மத்தியானம் ஆனது. கன்னம் மாம்பழம் மாதிரி வந்தது. முதலாளி வாயைத் திறந்து பாராட்டினார், அதுதான் முதலும் கடைசியும்.

இரண்டு மாசம் கழித்து அவள் மட்டும் வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி துணைக்கு. பெண் பார்க்க வந்தவர்கள் போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்களாம். மேலே அவள் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. முந்தானையில் முடிந்திருந்த பணத்தை எடுத்து வைத்து, "இன்னொண்ணு எடுங்க. இருக்கறபடியே இருக்கட்டும்" என்றாள். நான்தான் எடுத்தேன். ஸ்டாண்டுப் பக்கம் போகவே இல்லை, கையைக் கட்டிக்கொண்டாள். நான் "லென்ஸைப் பாருங்க" என்று சொல்லவேண்டி இருக்கவில்லை. ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தாள். நெகட்டிவ் கவரின் மேல் நீ சிவப்பு மையால் எழுதினாய்: பென்சில் படக்கூடாது. அப்புறம் அவளுக்குக் கல்யாணமானதா, எங்கே போனாள், ஒன்றும் தெரியாது. பெயர்கூட மறந்துவிட்டது. ஆனால் நான் எடுத்ததில் உருப்படியாக ஒன்று சொல் என்று எவனாவது கேட்டால் அந்தப் படத்தைத்தான் சொல்வேன்.

உன் போட்டோக்காரன் விஷயத்துக்கு வருகிறேன். கடற்கரை ஷூட் வேண்டாம் என்று அடம்பிடிக்காதே. பேத்திக்கு ஆசை இருந்தால் போகட்டும். உண்மையைச் சொன்னால் தரங்கம்பாடியில் அந்த இரண்டு பேரும் படத்துக்காக ஒன்றும் செய்யாத நேரத்தில்தான் பேசிக்கொண்டார்கள். பையன் லென்ஸ் மாற்றுகிற நேரம், அவள் சாப்பிட்டீங்களா என்று கேட்டாள், அவன் விடிகாலையில் யார் சாப்பிடுவா என்றான். அவன் ஷூவுக்குள் மணல். ஒற்றைக் காலில் நின்று கொட்டப் போனவன் தடுமாறி அவள் தோளைப் பிடித்தான், அவள் நகராமல் தூண் மாதிரி நின்றாள். பெரியவர்கள் இல்லாமல் இப்படி ஒரு காலைப் பொழுது நம் காலத்தில் யாருக்குக் கிடைத்தது? கல்யாணத்துக்கு முன்னால் உன் முகத்தைத் தங்கச்சி பார்த்தது நாம் எடுத்த பாஸ்போர்ட் சைஸில்தானே. அதிலும் நீயே பென்சில் போட்டுக்கொண்டாய், படவா.

ஆனால் சிலதைக் கறாராகச் சொல்லிவிடு. மூணு டிரெஸ் வேண்டாம், ஒன்று போதும், மாற்றுகிற நேரத்தில் வெளிச்சம் போய்விடும். நிச்சயதார்த்த மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் எல்இடி சுவர் வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. ஷட்டர் சரியாக வைக்காவிட்டால் படத்தில் கோடு கோடாக விழும், போதாததற்கு முகமெல்லாம் ஊதாவும் பச்சையுமாகப் போகும். லக்னப் பத்திரிகை வாசிக்கும்போது வாசிக்கிறவரை ஒரு படம் எடுத்தால் போதும், அந்த நேரத்தில் உன் மகள் முகத்தை எடுக்கச் சொல். தட்டு மாற்றுகிற சமயம் வீடியோக்காரர்கள் முன்னால் வந்து நின்று மறைப்பார்கள், அதை முதலிலேயே பேசி முடித்துக்கொள்.

அப்புறம் முகம் மெழுகுகிற வேலை. இப்போது கம்ப்யூட்டரில் ஒரே சொடுக்கு, கூட்டத்தில் இருக்கிற இருநூறு பேருக்கும் தோல் வழுவழு என்று ஆகிவிடுகிறது. பாட்டிக்குச் சுருக்கம் இல்லை, மாமாவுக்கு மச்சம் இல்லை. நீ ஒரு கன்னத்துக்கு ஒரு மத்தியானம் செலவழித்தவன், அதிலும் எதை விடவேண்டும் என்று தெரிந்து விட்டவன். அது வேண்டாம் என்று எழுதியே வாங்கிக்கொள். பேப்பரில் பிரிண்ட் கேள், பென்டிரைவ் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதே. எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு எடுத்த நாலாயிரம் படமும் போட்டோக்காரர் ஹார்ட் டிஸ்கோடு போய்விட்டது. அவர்களிடம் மிச்சம் இருப்பது சித்தப்பா போனில் எடுத்த பதினொரு படம், பத்தில் அவர் கட்டைவிரலும் இருக்கிறது.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் வரும். கருப்பு டப்பாவுக்குள் ஒரு ஃபிலிம் ரோல், இல்ஃபோர்ட் எச்பி5, 120. தரங்கம்பாடிக்கு யாஷிகா கேமராவை எடுத்துப்போயிருந்தேன். கடை மூடும்போது முதலாளி எனக்குக் கொடுத்தாரே அதே 124ஜி. பையன் வேலை முடிந்து பேக் பண்ணிக்கொண்டிருந்தபோது அந்த இரண்டு பேரையும் கோட்டைச் சுவர் நிழலுக்குக் கூப்பிட்டேன். "தாத்தாவுக்கு ஒரே ஒரு படம்" என்றேன். குனிந்து மேலே கண்ணாடியில் பார்த்து ஃபோகஸ் பண்ணும்போது ஒன்று தோன்றியது. பையன் கேமராவை முகத்தில் வைத்துக்கொண்டு அவர்களையே பார்க்கிறான், அவர்களுக்கு வெட்கம். நான் குனிந்துவிட்டேன். அவர்களுக்குத் தெரிவது என் வழுக்கைத் தலையும் லென்ஸும்தான். எதிரே முகமே இல்லை. கும்பிடுகிற மாதிரி நிற்கிற ஒரு கிழவனுக்கு முன்னால் யாரும் நடிக்க வேண்டாம் போலிருக்கிறது. சத்தமில்லாமல் நின்றார்கள். நாலு படம். கடைசியில் இரண்டு பேரும் லென்ஸைப் பார்த்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். வ்யூ ஃபைண்டரில் இடம் வலமாகத் தெரிவதாலும், புரை எடுக்காத கண்ணானதாலும் சத்தியம் பண்ண மாட்டேன்.

இங்கே கழுவித்தர ஆள் இல்லை. உன்னிடம் ஃபிலிம் கழுவுகிற பேட்டர்சன் டேங்க் இன்னும் இருக்கிறது என்று போன வருஷம் சொன்னாய். டி-76 டெவலப்பர் கரைத்துப் போடு, கரைத்ததற்கு மேல் தண்ணீர் கலக்காமல். ஏழரை நிமிஷம், சனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கோயம்புத்தூர் தண்ணீர் என்றாலும் நம்பாதே, ஐஸ் வைத்து 20 டிகிரிக்கு இறக்கிவிடு.

பன்னிரண்டில் நாலுதான் அந்த ஜோடி. ஆறு வீண்: வலை பின்னுகிறவர், கோட்டை வாசல், ஒரு ஆடு. பதினோராவதில் என் விரல் ஆடியிருக்கும். பன்னிரண்டாவது உன் தங்கச்சி, என் வீட்டுக்காரி. ரோலை முடிக்க வேண்டுமே என்று வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார வைத்தேன். நாற்பத்திரண்டு வருஷத்தில் அவளைத் தனியாக உட்கார வைத்து ஒரு படம் எடுத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "எங்க பாக்கணும்?" என்று கேட்டாள்.

மூக்குக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு மரு உண்டு, உனக்குத் தெரியும். அதை விட்டுவிடு.

உன் வீட்டில் தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். ஆவணிக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுவோம். யாஷிகாவோடு.

உன்
டார்க் ரூம்